அப்பா கேட்ட பின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, அதை விடு. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடிகிறது, ஏனென்றால் நீ இப்போதெல்லாம் இரண்டு வரிக் குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்கிறாய், அதிலும் ஒரு வரி நான் மாத்திரை போட்டேனா என்பது. போட்டேன், போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது. வாய்தான் தகராறு செய்கிறதே தவிர காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது, சமையலறையில் நான் முணுமுணுத்தால்கூட அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறார். ஆகையால் அவர் குளிக்கப் போகும்போதும் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், அங்கங்கே அறுந்து அறுந்துதான் இருக்கும், நீயே முடிச்சுப் போட்டுப் படித்துக்கொள்.

நீ ஒருநாள் கேட்டாய் அல்லவா, அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியலையா, இல்ல என் மேல கோபமா என்று. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் பதில் போடவில்லை, மறந்துபோய் அல்ல, பதில் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருவாய், அவர் உன் முகத்தைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், மூடுவார், எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். நீ திரையில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பாய், நான் இந்தப் பக்கம் எதையாவது பேசிச் சமாளிப்பேன். தலைக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்து கூடவே இருந்துவிட்டு, லீவு முடிந்ததும் அழுதுகொண்டே விமானம் ஏறினாய், அப்படிப் பாதியில் விட்டுப் போனதுதான் அவர் மனதில் தைத்துவிட்டதோ என்று நீ உன்னையே நோண்டிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பிறகு மெல்ல மெல்ல வீடியோவில் வருவதையே நிறுத்திவிட்டாய். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு வரியில் சொன்னால் நான் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். அது எனக்கு ஒரு பொம்மைக் காரின் வயிற்றுக்குள்ளிருந்து கிடைத்தது, அதனால் அந்தக் காரைப் பற்றி முதலில் கேள். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரா வாரம் வருகிறாள் என்று சொல்லியிருந்தேன். சிரித்த முகம், பெரிய பையில் நிறையப் பட அட்டை. அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது, அப்பாவுக்குச் சொற்கள் தொலைந்துபோகவில்லையாம், எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதாம், ஒன்றைக் கூப்பிட்டால் அதன் பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து வருகிறானாம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் என்கிறார், செருப்பைத் தேடினால் வாசல் என்கிறார். என்னை என்னவென்று கூப்பிடுகிறார் தெரியுமா, மெஷின். முதல் தடவை எனக்குச் சுருக்கென்று இருந்தது, அப்புறம் யோசித்தால், இந்த வீட்டில் தையல் மெஷினும் நானும் ஒரே நாற்காலியில்தானே காலம் தள்ளினோம், பக்கத்து வீடு என்ன, ஒரே வீடுதான். கூப்பிட்டால் போய் நிற்கிறேன். ஆனால் உனக்கு என் குணம் தெரியும், எதையும் திறந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எந்தச் சொல்லுக்குப் பதில் எது வருகிறது என்று அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். சாமான்கள் பெயர் பக்கத்திலாவது வந்து நிற்கிறது. ஆட்கள் பெயர்தான் அவரை ரொம்பப் படுத்துகிறது. உன் பெயர், அவரே வைத்து அவர் மட்டுமே கூப்பிடுகிற அந்தச் செல்லப் பெயர், அது சுத்தமாக வரவே இல்லை. உன் போட்டோவை அட்டைகளுக்கு நடுவில் வைத்து அந்தப் பெண் காட்டினாள், அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பரணிலிருந்து வெட்டுத்துணிகளை எடுக்கப் போய், ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே நீயும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு ஓடுவீர்களே, அந்த ரிமோட் கார். பெரிய பின் சக்கரமும் சின்ன முன் சக்கரமுமாக, மண்ணில் ஓடுகிற ஜாதி, பக்கி என்று சொல்வார்களாமே. டயரெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, மேல்கூட்டின் சிவப்புப் பெயின்ட் உரிந்து, ரிமோட்டுக்குள் பாட்டரி கசிந்து பச்சை பூத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. தூசி தட்டலாம் என்று சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அப்பா வந்தார், குனிந்து பார்த்தார், அதன் வயிற்றில் இருந்த ஒரு செப்புத் தகட்டைத் தொட்டு, ஸ்பீட் கன்ட்ரோலர் என்றார். தெளிவாக, எழுத்து எழுத்தாக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அத்தனை நீளமான சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். இது என்ன என்று இன்னொன்றைக் காட்டினேன், சர்வோ என்றார். இது, என்றேன், பினியன், மோட்டார் பல், என்றார். காலம் பூராவும் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷனுக்கு டம்ளர் குழம்புகிறது, பல்சக்கரம் குழம்பவில்லை. பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னேன், அவளும் கண்ணை அகல விரித்துக்கொண்டு, கையில் சாமான் இருக்கும்போது சொல் சுலபமாக வரலாம், இந்தக் காரையே ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணுங்களேன் என்றாள். நான் அப்போதே ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் காரைத் தொட்டுத் தொட்டு, ஒருநாள் உன் பெயரையும் அவர் வாயிலிருந்து வரவழைத்துவிட வேண்டும், நீ அவரோடு ஓடின கார்தானே இது.

அப்புறம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. திருகாணியெல்லாம் என் பட்டன் டப்பாவில், பட்டனெல்லாம் எங்கேயென்று தெரியவில்லை. பழைய ஏற்பாட்டைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். சர்வோ என்கிற ஒரு சின்ன மோட்டார் ஒரு கையை ஆட்டி, அந்தக் கை செப்புத் தகட்டில் நகர்ந்து, அதனால் பெரிய மோட்டாரின் வேகம் கூடிக் குறைந்திருக்கிறது. மெதுவாகப் போக வேண்டுமென்றால் மிச்ச மின்சாரத்தை ஒரு பீங்கான் கட்டையில் சூடாக்கி வீணடிப்பார்களாம், கஞ்சத்தனம் தெரியாத காலம். இப்போது அதற்குப் பதில் தீப்பெட்டி அளவில் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, உள்ளே ஆடுகிற சாமான் ஒன்றுகூட இல்லை, மின்சாரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் தடவை கொடுத்துக் கொடுத்து நிறுத்துகிறதாம். என் புது மெஷினின் பெடலும் அப்படித்தான் வேலை செய்கிறது என்று அந்தப் பெட்டியை விற்ற கடைக்காரப் பெண் சொன்னதும் வீட்டுக்கு வந்து பெடலையும் கழற்றிப் பார்த்தேன், அப்பா தலையில் அடித்துக்கொண்டார், அதற்குச் சொல் தேவைப்படவில்லை. அந்தக் கடை நம் பழைய போட்டோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில், பொம்மை விமானமும் படகும் தொங்குகிற இடம். அந்தப் பெண் மோட்டாரையும் மாற்றச் சொன்னாள், புது மாதிரி மோட்டார் போட்டால் பறக்கும் என்றாள். அப்பா கையை ஆட்டி, வேண்டாம், பல் போகும் என்றார். முப்பது வருஷத்துப் பிளாஸ்டிக் கியர் அந்த வேகத்தைத் தாங்காது என்று அர்த்தம், அவளும் ஒத்துக்கொண்டாள். லித்தியம் பாட்டரியும் நான் வேண்டாம் என்றுவிட்டேன், அதற்குச் சார்ஜ் போட்டுவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதாம், கோபக்கார மாப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டது போல, நான் உன் வீட்டுக்காரரைச் சொல்லவில்லை, அவரிடம் படித்துக்காட்டாதே. சாதுவான பாட்டரியாக வாங்கிக்கொண்டோம், அதைக் கட்டி வைக்கிற பட்டையை நானே ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன், கடையில் விற்கிறதைவிட என் தையல் நேர்.

மேல் வீட்டுக்காரி ஒருநாள் இறங்கி வந்து என்ன டொக்கு டொக்கென்று சத்தம் என்று கேட்டாள். பழைய பக்கி ஒண்ணு, எதுக்கும் பிரயோஜனம் இல்லாம கிடந்துச்சு, அதைத்தான் ஓட வைக்கப் பார்க்கிறேன் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, உடம்பு சரியில்லாத மனுஷரை அப்படிப் பேசலாமா என்றாள். உள்ளே அப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

ரிமோட்டும் புதுசுதான். உங்கள் காலத்து ரிமோட்டில் நீளமாக ஒரு ஏரியல் இருக்கும், கிரிஸ்டல் என்று ஒரு குட்டித் துண்டைச் செருகுவார்கள், பக்கத்தில் இன்னொருவர் அதே கிரிஸ்டலோடு வந்துவிட்டால் அவர் திருப்பினால் உன் கார் திரும்பும். இப்போது அப்படி இல்லை, ரிமோட்டையும் காரில் இருக்கிற பெட்டியையும் ஒரே ஒருதரம் சேர்த்து வைத்துப் பட்டனை அமுக்கி அறிமுகம் செய்துவிட்டால் போதும், சுற்றிலும் நூறு பேர் கூப்பிட்டாலும் அது வேறு யார் பேச்சையும் கேட்காது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். முதன்முதலில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போயிற்று, சரி, காருக்கும் உன் அப்பாவின் வியாதி வந்துவிட்டது என்று நான் சொன்னேன், அவர் முறைத்துக்கொண்டே நகத்தால் ரிமோட்டின் அடியில் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளினார், சரியாகிவிட்டது. ஒயரை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் எல்லாம் அவர்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். நீ கடைசியாக வீடியோவில் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா, அன்றைக்கும் அவர் எழுந்து போனார், நீ போனை வைத்தபிறகு திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து காரின்மேல் கையை வைத்துக்கொண்டு, பின் என்றார். நானும் பின் பக்கம் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுநாளும் பின் என்றார். நான் பின்பக்கக் கியர்பெட்டியையே பிரித்துவிட்டேன், உள்ளே கிரீஸ் மெழுகாக உறைந்து, ஒரு சக்கரத்தில் பல் உடைந்திருந்தது, ஆகா, மனுஷன் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே என்று பெருமை தாங்கவில்லை. வேறு சக்கரம் வரவழைத்துப் போட்டோம். போட்டு முடித்ததும் அவர் ரொம்ப நிதானமாக என்னைப் பார்த்து, பின் என்றார். அப்புறம் எனக்கு மேல்கூட்டைப் பிடித்து வைக்கிற கம்பிப் பின் ஞாபகம் வந்தது, அது நான்கில் இரண்டைக் காணோம், கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன், கலர் கலராக. வாங்கிச் செருகினார், நன்றாக இருக்கிறது என்பது போலத் தலையசைத்தார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பின். பாட்டரி ஒயரின் முனையில் இருக்கிற பின்னா, பார்த்தேன், இல்லை. பாங்க் கார்டின் பின் நம்பரைத்தான் கேட்கிறாரோ என்று ஒருநாள் காதோடு காதாகச் சொன்னேன், அவர் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோகாதது அதிசயம். ஊக்கு கொடுத்தேன், தலையில் குத்துகிற ஹேர்பின் கொடுத்தேன். கடைசியில் எரிச்சலோடு என் தையல் பெட்டியையே அவர் முன்னால் கவிழ்த்து, இந்தா, இந்த வீட்ல இருக்கிற பின் எல்லாம் இதுதான் என்றேன். அவர் அதில் குண்டூசி டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் கலங்கியது. குத்திவிட்டது போலிருக்கிறது என்று நான் டப்பாவைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். ஆமாம், பிடுங்கி உள்ளே வைத்தேன். நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். நாளெல்லாம் குண்டூசியோடு புழங்குகிற எனக்குத் தோன்றவில்லை பார், குண்டூசியை நான் ஒருநாளும் பின் என்று சொன்னதில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிடுவேன், உன் சித்தி புது வீட்டுக்குக் குடி போய்விட்டாள், ஜன்னல் எல்லாம் பெரிசு பெரிசாக, திரைச்சீலை தைக்க என்னைத்தான் பிடித்திருக்கிறாள், அளவு எடுக்காமலே துணி வாங்கி வந்துவிட்டு இப்போது பத்தவில்லை என்கிறாள், அவள் என்றைக்கு அளவு எடுத்தாள். உன்னைக் கேட்டாள், எப்போது வருவாய் என்றாள், தெரியவில்லை என்றேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் முதலில் பிடிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கார் தயார். புது டயர், நானே தூரிகையால் பூசிய சிவப்பு, மூலையில் கொஞ்சம் வழிந்திருக்கிறது, கண்டுகொள்ளாதே. நம் தெருக்கோடியில் மூடிக் கிடக்கிற மரச்சாமான் கிடங்கின் முன்னால் லாரி நிறுத்துகிற பெரிய திடல், அங்கே காலையில் ஆள் நடமாட்டம் இல்லை, அங்கேதான் கொண்டுபோனோம். நீங்கள் போகிற காலத்தில் நான் ஒருநாள்கூட வந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கூட்டம், நீங்கள் புழுதியாகத் திரும்பி வரும்போது உள்ளே வராதீர்கள் என்று கத்துவதோடு என் பங்கு முடிந்துவிடும். அதனால் இதை யார் எப்படி ஓட்டுவார்கள் என்று எனக்கும் ஒரே ஆர்வம். முதலில் நான் ஓட்டினேன், ஓட்டினேன் என்று சொல்லக்கூடாது, அது என்னை ஓட்டியது. எதிரே வரும்போது அதற்கு இடது எனக்கு வலது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை, சுவரை நோக்கி ஒரே ஓட்டம். அப்பா ரிமோட்டை வாங்கினார். அப்புறம் பார்க்க வேண்டுமே. அந்தப் பக்கி சீறிக்கொண்டு போய், வட்டம் அடித்து, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத் திரும்பி, மண்ணை வாரி இறைத்து, எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. அவர் முகத்தில் பழைய தெளிவு. மின்சாரம் போன கட்டடத்தில் லிப்ட்டைக் கையால் சுற்றி மேலே ஏற்றிவிட்டு வருவாரே, அந்த முகம்.

தூரத்தில் ஒரு கல்மேடு, அதில் ஏறிப் பறந்து தலைகுப்புற விழுந்தது. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அந்தத் திடலே அதிரும்படி கத்தினார், பின் என்று. அத்தனை சத்தமாக அவர் குரல் வந்து எத்தனை காலம். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், பின் சக்கரம் இருக்கிறது, கியர் ஓடுகிறது, கம்பிப் பின் நான்கும் இருக்கிறது. பின்னெல்லாம் இருக்குங்க என்று அங்கிருந்து கத்தினேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. சுவர் ஓரமாக, நிழல் இருக்கிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவர் பக்கத்தில் வந்ததும், கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி ஒரு உயரம் காட்டினார். அந்த மூலையைக் காட்டினார். பிறகு இரண்டு விரலால் குடுகுடுவென்று ஓடுவது போலச் செய்து, உள்ளங்கையைக் கவிழ்த்து நிமிர்த்தினார். கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்துகிற ஆள். அந்த மூலையில் நின்றுகொண்டிருக்கிற, இடுப்பு உயரத்து ஆள். மெலிந்த உடம்பும் பெரிய தலையுமாக இருக்கிறாய் என்று அவர் உனக்கு வைத்த பெயர் என் வாயிலிருந்து தானாக வந்தது, குண்டூசியா என்றேன். அவர், அதான் என்றார். எரிச்சலோடு சொன்னார், என்னமோ இத்தனை நாளும் சொல் தெரியாமல் முழித்தது நான்தான் என்பது போல.

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது, பைத்தியக்காரி என்று யாராவது நினைத்திருப்பார்கள். உன்னைத்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நீ போனை வைத்ததிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டார், நான் காரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். குண்டூசிக்குப் பக்கத்து வீட்டில் பின் இருக்கிறது, உன் பெயரை அழைத்தால் அது எழுந்து வருகிறது, இவ்வளவுதான் நடந்தது. அப்ப அவ போன்ல வரும்போது ஏன் எழுந்து போறீங்க என்று கேட்டேன். வாயைத் தொட்டுக் காட்டினார். பின், பின் என்று சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டினார், தப்பு என்றார். அந்தச் சொல்லை மட்டும் எவ்வளவு சுத்தமாகச் சொன்னார் என்கிறாய். வருகிற சொல் தப்பு என்று அவருக்குத் தெரிகிறது. டம்ளரைத் தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, என்னைத் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, பெற்ற மகளைத் தப்பான பெயரில் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். கோபமும் இல்லை, மறதியும் இல்லை, அவருக்கு வெட்கம். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் நேற்றுச் சொன்னேன். குண்டூசி என்ற சொல் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம், அடம் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அவர் இன்னும் வாயை மூடிக்கொள்வார் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, சீக்கிரம் முடிக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இருக்க வேண்டும், என் ஆசியும் அப்பாவின் ஆசியும் எந்நேரமும் உன் தலைமேல் இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. அவர் எழுந்திருக்கப் பார்ப்பார், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறு, இடையில் புகுந்து எதுவும் பேசாதே. அவர் பின் என்று கூப்பிடுவார். திருத்தாதே, அழாதே, அழுதால் தப்பாகச் சொன்னதற்காக அழுகிறாய் என்று நினைத்துக்கொள்வார். என்னப்பா என்று கேள், போதும்.

அன்போடு,
உன் அம்மா